துருவும் ஒரு கல்வெட்டு

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை. மலருக்காகச் சில இடங்களில் மட்டும் செம்மை செய்யப்பட்டது.)



செயலாளர் அண்ணன் போன மாதம் போனில் கூப்பிட்டு, "கொஞ்ச நேரம் பேசணும்ப்பா, தலைப்பு உன் இஷ்டம்" என்றார். "வாள் பற்றிப் பேசட்டுமா?" என்றேன். "வால்வா? நல்ல தலைப்பு, மெக்கானிக்கல் பசங்களுக்கு உபயோகமா இருக்கும்" என்றார். "வால்வு இல்லண்ணே, வாள். வெட்டுகிற வாள்" என்றேன். ஒரு நிமிடம் சத்தமே இல்லை. பிறகு, "பார்த்துப் பேசுப்பா, முதல்வர் முன்வரிசையில் இருப்பார்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

எனவே முதலிலேயே ஒரு வாக்குமூலம் கொடுத்துவிடுகிறேன். என் வீட்டில் ஒரு வாள்கூடக் கிடையாது. என் மனைவிக்கு அதில் பெரிய நிம்மதி. என்னிடம் இருப்பவை நான்கு நோட்டுப் புத்தகங்கள், பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் ஒரு லென்ஸ், ஏகப்பட்ட புகைப்படங்கள். வாளை வாங்கிச் சேர்ப்பவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். நான் வாளைப் படிக்கிறவன். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் இன்றைய பேச்சு.

ஓசூர் சிப்காட்டில் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில், ஹீட் ட்ரீட்மெண்ட் பிரிவில் இருக்கிறேன். இரும்பைச் சூடாக்குவதும் ஆறவைப்பதும்தான் எனக்குச் சம்பளம் வாங்கித் தருகிற வேலை. அந்த வேலையே என்னைப் பயிற்சிக்காக ஆறு மாதம் ஜப்பானுக்கு அனுப்பியது. தங்கியிருந்தது நகோயா பக்கம். அங்கிருந்து வடக்கே ரயிலேறினால் கிஃபு மாநிலத்தில் செகி என்று ஓர் ஊர். நம்ம ஊரில் பூட்டு என்றால் திண்டுக்கல் மாதிரி, அங்கே கத்தி என்றால் செகி. எழுநூறு ஆண்டுகளாக வாள் அடித்த ஊர். இன்று சமையல் கத்தி, கத்தரிக்கோல், சவர பிளேடு எல்லாம் செய்கிறார்கள். அங்கே ஒரு வாள் அருங்காட்சியகம் உண்டு. சில ஞாயிற்றுக்கிழமைகளில் கொல்லர்கள் பொதுமக்கள் முன்னால் இரும்படித்துக் காட்டுவார்கள். விடுமுறை நாளில் வேடிக்கை பார்க்கப் போனவன்தான் நான்.

ஜப்பானில் கண்ட பாடம்

ஜப்பானிய வாளைப் பற்றிச் சினிமாவில் பார்த்ததை மறந்துவிடுங்கள். ஹீட் ட்ரீட்மெண்ட் ஆள் என்ற முறையில் எனக்குப் பட்டதைச் சொல்கிறேன்.

அவர்கள் இரும்பு மணலையும் மரக்கரியையும் மண் உலையில் போட்டு, மூன்று நாள் இடைவிடாமல் எரித்து எஃகுக் கட்டி எடுக்கிறார்கள். அதில் தேர்ந்தெடுத்த துண்டுகளுக்கு 'தமஹகானே' என்று பெயர். கார்பன் ஒரு சதவீதத்துக்கும் மேல். அதைத் தட்டி, மடித்து, மறுபடி தட்டுகிறார்கள். பத்து முறை மடித்தால் 1,024 அடுக்கு, பதினைந்து முறை மடித்தால் 32,768 அடுக்கு. கணக்கு நம்ம முதலாமாண்டுக் கணக்குதான். மடிக்க மடிக்கக் கசடு வெளியேறுகிறது, கார்பன் சீராகப் பரவி 0.7 சதவீதம் அளவுக்கு இறங்குகிறது.

பிறகுதான் வித்தை. வாளின் முதுகுப்பக்கம் களிமண்ணைத் தடிமனாகப் பூசுகிறார்கள், கூர்ப்பக்கம் மெல்லிசாக. இருட்டறையில், இரும்பின் நிறத்தைக் கண்ணால் பார்த்தே சூட்டைக் கணித்து, தண்ணீரில் தோய்க்கிறார்கள். கூர்ப்பக்கம் சட்டென்று குளிர்ந்து மார்ட்டென்சைட் ஆகிறது. முதுகு மெதுவாகக் குளிர்ந்து பெர்லைட்டாக நின்றுவிடுகிறது. கூர் கடினம், முதுகு வளைந்து கொடுக்கும். மார்ட்டென்சைட் ஆகும்போது பருமன் கூடுகிறது அல்லவா, அதனால்தான் ஏறக்குறைய நேராகத் தண்ணீருக்குள் போன வாள், வில் போல வளைந்து வெளியே வருகிறது. கிராங்க் ஷாஃப்டில் ஜர்னலை மட்டும் இண்டக்ஷன் ஹார்டனிங் செய்கிறோமே, அதே தத்துவம். நமக்குக் காயில், டைமர், பைரோமீட்டர். அவருக்குக் களிமண், கண், அனுபவம். நம்ம ஊர்க் கொல்லர் அரிவாளுக்குத் தோய்ச்சல் கொடுக்கும்போது நிறம் பார்ப்பதும் இதே கலைதான்.

ஆனால் என்னை அசத்தியது உலை அல்ல, அவர்கள் பழைய வாளைப் படிக்கிற முறை.

வாளின் பிடிக்குள் மறைந்திருக்கிற காம்பு இருக்கிறதே, அதில்தான் கொல்லர் தன் பெயரை வெட்டுவார். ஊர், ஆண்டு, மாதம்கூட வெட்டுவது உண்டு. அந்தக் கையெழுத்துக்கு அவர்கள் மொழியில் 'மெய்' என்று பெயர்! புகழ்பெற்ற கொல்லர்களின் பெயரைப் போலியாக வெட்டியவர்கள் காலம் காலமாக இருந்திருக்கிறார்கள். எனவே அந்த ஊரில் எல்லா மெய்யும் மெய் அல்ல. அதைக் கண்டுபிடிக்கத்தான் படிப்பு. வாளின் வடிவம் காலத்தைச் சொல்லும். ஆதி வாள்கள் நேரானவை, குதிரைப் போர்க் காலத்தில் வளைவு வந்தது, காலாட்படை பெருகியபோது நீளம் குறைந்தது. இரும்பின் மேனியில் தெரியும் ரேகை, எந்தப் பட்டறை மரபு என்று சொல்லும். தோய்ச்சல் கோடு, கொல்லரின் கையைக் காட்டும். எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் பெயரைப் பார்க்க வேண்டும். பெயர் சொல்வதை இரும்பு ஒத்துக்கொள்கிறதா என்பதுதான் கேள்வி. நம்ம தொழிற்சாலையில் டெஸ்ட் சர்டிஃபிகேட் கையில் இருந்தாலும் மெட்டீரியலை ஒரு தடவை சோதித்துப் பார்க்கிறோமே, அது மாதிரி.

அந்தக் காம்பைப் பற்றி ஒரு கண்டிப்பான விதி உண்டு. வாளின் மற்ற பகுதியைக் கண்ணாடி போலத் தீட்டலாம், காம்பில் இருக்கிற துருவைத் தொடவே கூடாது. அந்தக் கறுப்புத் துரு நூற்றாண்டுகளாக மெல்லப் படிந்தது. அதன் நிறமும் ஆழமும் வாளின் வயதுக்குச் சாட்சி. துருவைச் சுத்தம் செய்துவிட்டால் வாளின் மதிப்பும் போயிற்று, வரலாறும் போயிற்று. காம்பின் மேல் தாள் வைத்து மை தடவிப் படி எடுத்துப் பாதுகாக்கிறார்கள். நம் கல்வெட்டுத் துறையினர் எடுக்கிற மைப்படி மாதிரியேதான்.

இந்த விதி எவ்வளவு பெரியது என்பதற்கு ஒரே ஓர் எடுத்துக்காட்டு. சைதாமா மாநிலத்தில் இனாரியாமா என்ற புராதனக் கல்லறை மேட்டை 1968-ல் தோண்டியபோது, துருப்பிடித்த ஒரு வாள் கிடைத்தது. பத்து ஆண்டுகள் அது ஒரு துருப்பிடித்த வாள், அவ்வளவுதான். 1978-ல் அதைப் பாதுகாக்கும் பணிக்காக எக்ஸ்ரே எடுத்தார்கள். துருவுக்கு அடியில் பொன் இழைத்த எழுத்துகள். மொத்தம் 115. கி.பி. 471 என்று கொள்ளப்படும் ஆண்டும், ஒரு வீரனின் எட்டுத் தலைமுறைப் பெயர்களும், அவன் சேவித்த அரசனின் பெயரும் அதில் இருந்தன. ஜப்பானின் பழைய வரலாற்றுக்கு அதைப் போன்ற நேரடி ஆவணங்கள் மிகக் குறைவு. இன்று அது தேசியச் செல்வம். யாராவது ஓர் ஆர்வக்கோளாறு ஆசாமி 1968-லேயே எமரி தாளை எடுத்திருந்தால்? 115 எழுத்தும் தூளாகித் தரையில் விழுந்திருக்கும்.

ஜப்பானியரும் இதைச் சுலபமாகக் காப்பாற்றிவிடவில்லை. 1588-ல் ஹிதேயோஷி குடியானவர்களிடமிருந்து வாள்களைப் பறித்தார். 1876-ல் அரசாங்கமே வாள் அணிந்து நடமாடத் தடை போட்டது. 1945-ல் தோற்றபோது, அமெரிக்கப் படை வாள்களைப் பறிமுதல் செய்தது. மசமுனே என்ற மாபெரும் கொல்லரின் பெயரால் விளங்கிய புகழ்பெற்ற 'ஹோன்ஜோ மசமுனே' அப்போது காவல் நிலையத்தில் ஒப்படைக்கப்பட்டது, இன்றுவரை காணவில்லை. 1948-ல் கலைவாள் பாதுகாப்புச் சங்கம் ஒன்று தொடங்கினார்கள். 1977-ல் அந்தச் சங்கமே ஷிமானே மாநிலத்தில் பழைய மண் உலையை மறுபடி மூட்டியது. இன்று அங்கே கலைப்பொருளாக வைத்திருக்கும் ஒவ்வொரு வாளுக்கும் பதிவுச் சீட்டு உண்டு. வாள் கை மாறினால் சீட்டும் கூடவே போகும். உரிமையாளர் வருவார், போவார், வாள் நிற்கும்.

உக்கு

திரும்பி வந்த பிறகுதான் உறைத்தது. நான் வேலை பார்ப்பதே உலகின் மிகப் புகழ்பெற்ற வாளெஃகு பிறந்த வட்டாரத்தில்!

ஓசூர் சந்தையில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் ஒன்றாகக் கலந்து கேட்கும். கன்னடத்திலும் தெலுங்கிலும் எஃகுக்கு 'உக்கு' என்று பெயர். நாம் உருக்கு என்கிறோம். இந்த 'உக்கு'தான் ஆங்கிலேயர் வாயில் 'வூட்ஸ்' ஆயிற்று என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து. 1795-ல் லண்டன் ராயல் சொசைட்டியில் ஜார்ஜ் பியர்சன் இதைப் பற்றிக் கட்டுரை படித்தார். கொல்லர் ஒருவரின் மகனான மைக்கேல் ஃபாரடே 1819-ல் இதை ஆராய்ந்தார். டைனமோ ஃபாரடேவேதான். டமாஸ்கஸ் வாள் என்று உலகமே கொண்டாடியதன் மூலப்பொருள், தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மூசைகளில் உருக்கிய எஃகு.

செய்முறை ஜப்பானியருக்கு நேர் எதிர். அங்கே மடித்து மடித்துச் சுத்தம் செய்தார்கள். இங்கே இரும்பையும் கரிப்பொருளையும் ஒரு சிறு மண் மூசைக்குள் போட்டு, வாயை மூடிப் பூசி, உலையில் வைத்து முழுதாகவே உருக்கினார்கள். கசடு தனியே பிரிந்துவிடும். மெதுவாக ஆறவிட்டால் கையடக்கமான எஃகுக் கட்டி கிடைக்கும். கார்பன் ஒன்று முதல் இரண்டு சதவீதம் வரை. அதைக் குறைந்த சூட்டில் பொறுமையாகத் தட்டினால், உள்ளே இருக்கும் சிமென்டைட் வரிசை வரிசையாக நின்று, தண்ணீர் அலை போலக் கோலம் காட்டும். ஐரோப்பியக் கொல்லர்கள் தங்கள் வழக்கப்படி வெள்ளைச் சூட்டில் வைத்துத் தட்டினார்கள், கட்டி பிஸ்கட் மாதிரி நொறுங்கியது. அமெரிக்காவில் வெர்ஹோவன் என்ற உலோகவியல் பேராசிரியரும் பெண்ட்ரே என்ற கொல்லரும் சேர்ந்து உழைத்து, 1998-ல் வெளியிட்ட கட்டுரையில் ஒரு முடிச்சை அவிழ்த்தார்கள். தாதுவில் மிகமிகச் சிறிய அளவில் இருந்த வனேடியம் போன்ற தனிமங்கள்தான் அந்தக் கோலத்துக்குக் காரணம் என்றார்கள். பேராசிரியரும் கொல்லரும் ஒரே மேசையில் உட்கார்ந்ததால் வந்த பலன் அது.

நம் பக்கத்திலும் ஆராய்ந்தவர்கள் இருக்கிறார்கள். சாரதா சீனிவாசன், மேல்சிறுவலூரில் மூசை எஃகு செய்த இடத்தைக் கண்டறிந்து 1994-ல் எழுதினார். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துப் பேராசிரியர் சீனிவாச ரங்கநாதனும் அவரும் சேர்ந்து வூட்ஸ் பற்றி 2004-ல் ஒரு நூலே வெளியிட்டார்கள். பர்கூர் வட்டம் மயிலாடும்பாறையில் தமிழகத் தொல்லியல் துறை 2021-ல் அகழாய்வு செய்தபோது, ஈமச்சின்னம் ஒன்றில் சுமார் 70 செ.மீ. நீள இரும்பு வாள் கிடைத்தது. அதே ஊரில் இரும்பு கிடைத்த மண்ணடுக்குக்கு கி.மு. 2172 என்று காலக்கணிப்பு வந்திருப்பதாக 2022 மே மாதம் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். சேலம் மாவட்டம் தெலுங்கனூரில் கிடைத்த உயர்கார்பன் எஃகு வாளுக்கு கி.மு. 13 முதல் 15-ஆம் நூற்றாண்டு என்று கணிப்பு. இங்கே மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. மண்ணடுக்கின் தேதியை எடுத்து, ஈமச்சின்னத்தில் கிடைத்த வாளின் மேல் ஒட்டிவிடக் கூடாது. இரண்டும் வேறு வேறு சாட்சிகள். பெருமைக்காக அவசரப்பட்டால் அறிவியல் கோபித்துக்கொள்ளும்.

சரி, நம் வாள்கள் எங்கே? அதுதான் வேதனை. பாளையக்காரர் போர் முடிந்ததும் 1801-ல் ஆயுதங்களை ஒப்படைக்கச் சொல்லி கம்பெனி ஆணை போட்டது. 1855-ல் தஞ்சை அரசு முடிவுக்கு வந்த பிறகு, அந்த அரண்மனை ஆயுதசாலையின் பெரும்பகுதியை உடைத்துப் பழைய இரும்பாக்கிவிட்டார்கள். அப்போது மெட்ராஸ் அருங்காட்சியகம் தேர்ந்தெடுத்து வைத்துக்கொண்டவற்றை இன்றும் எழும்பூரில் பார்க்கலாம். தஞ்சைக் கட்டாரிகள் சில நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. நம் கிருஷ்ணகிரியை உள்ளடக்கிய பாராமகாலை 1792-ல் கம்பெனியிடம் இழந்த திப்பு சுல்தானின் வாள் ஒன்று, 2023 மே மாதம் லண்டனில் 1 கோடியே 40 லட்சம் பவுண்டுக்கு ஏலம் போனது. வாளை வைத்திருந்தவரின் பெயருக்கு அவ்வளவு விலை. அதை அடித்த கொல்லர்? அவரைப் பற்றி ஏலத்தில் யாரும் மூச்சு விடவில்லை. ஜப்பானில் கொல்லரின் பெயரால் வாள் விற்கிறது, நம்மிடம் அரசனின் பெயரால்.

கல்லில் நிற்கும் வாள்

ஆனால் நம் மாவட்டத்துக்கு ஒரு பெரிய அதிர்ஷ்டம் இருக்கிறது. வாள் போனாலும், வாளின் படம் தேதியோடு கல்லில் நிற்கிறது.

நடுகல்லைச் சொல்கிறேன். பழைய தருமபுரி மாவட்டம், அதாவது இன்றைய தருமபுரியும் கிருஷ்ணகிரியும், செங்கம் பகுதியும் நடுகல்லின் தாய்வீடு. மாடு பிடிக்க வந்தவனோடு மோதி விழுந்தவன், புலியைக் குத்தித் தானும் செத்தவன், தன் தலையைத் தானே வாளால் அரிந்து பலி கொடுத்தவன் என்று எல்லோருக்கும் கல். பலவற்றில் எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டு என்று எழுதியிருக்கும். பல்லவர் காலத்து வட்டெழுத்துக் கல்லில் வீரன் ஒரு கையில் வில்லும் இன்னொரு கையில் குறுவாளுமாக நிற்பான். பிற்காலத்துக் கற்களில் நீண்ட வாளும் கேடயமும் வரும், குதிரை வரும், அடுக்கடுக்காகச் சிற்பம் வரும், மேலே தேவமகளிர் வீரனைத் தூக்கிக்கொண்டு போவார்கள். ஓசூர்ப் பக்கம் கன்னட எழுத்தோடு வீரகல் கிடைக்கும். நம்ம ஜனங்கள் பல இடங்களில் இந்தக் கல்லையே வேடியப்பன் என்று பெயர் சொல்லிக் கும்பிடுகிறார்கள்.

என் நோட்டுப் புத்தகங்களில் இருப்பது இதுதான். லீவு நாளில் பைக்கை எடுத்துக்கொண்டு போய், ஒவ்வொரு கல்லிலும் வாளை மட்டும் பார்ப்பேன். நேரா, வளைவா? ஒரு பக்கம் கூரா, இரு பக்கமா? பிடியின் முனையில் குமிழா, தட்டா? உறை இடுப்பில் எப்படித் தொங்குகிறது? சிற்பி டிராஃப்ட்ஸ்மேன் இல்லை, அதனால் நீளத்தை அப்படியே அளந்து நம்ப முடியாது. வீரனின் முன்கை நீளத்தோடு ஒப்பிட்டு விகிதம்தான் போடலாம். ஆனால் வடிவம் ஏமாற்றுவது குறைவு. வெட்டுப்பட்டுச் செத்தவனின் சொந்தக்காரர்கள் பார்த்துக்கொண்டு நிற்கும்போது, சிற்பி அவனுடைய வாளைக் கண்டபடி செதுக்கியிருக்க மாட்டான் இல்லையா?

தொடங்க நினைப்பவர்கள் கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்தில் தொடங்கலாம். வேப்பனப்பள்ளிப் பக்கம், போசள மன்னன் வீரராமநாதன் இருந்து ஆண்ட குந்தாணிப் பகுதிக்கும் போகலாம். பெங்களூர் நண்பர்கள் அரசு அருங்காட்சியகத்தில் பேகூர் வீரகல்லைப் பாருங்கள். யானை, குதிரை, காலாள், வாள் என்று ஒரு போர்க்களத்தையே கல்லில் கொண்டுவந்திருக்கிறார்கள். பேகூர் எங்கே? நாம் தினமும் டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டு திட்டுகிற ஓசூர் ரோட்டுக்குப் பக்கத்தில்தான்!

எலுமிச்சம்பழம்

இப்போது நடந்த ஒரு விஷயம். தளி போகிற வழியில் ஒரு கிராமம், பெயர் வேண்டாம். அந்த ஊர்க் கோயில் பெரியவர் ஒருவர், எங்கள் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் பையனோடு என் வீட்டுக்கு வந்தார். சாக்குத் துணியில் சுற்றி இரண்டு வாள். அம்மன் ஊர்வலத்தில் எடுத்துப் போகிற வாள்கள். ஒன்று பளபளவென்று எவர்சில்வர் தட்டு மாதிரி இருந்தது. இரண்டு வருடத்துக்கு முன்னால் யாரோ ஒருவரிடம் கொடுத்து, பெல்ட் கிரைண்டரில் ஓட்டி, க்ரோம் பூசி வாங்கியிருக்கிறார்கள். இரண்டாவது வாளில் எண்ணெயும் குங்குமமும் துருவும் சேர்ந்து மேலோடு கட்டியிருந்தது. "இதையும் அதே மாதிரி பண்ணிக் குடுங்க சார், அடுத்த மாசம் திருவிழா" என்றார்.

லென்ஸை எடுத்துப் பார்த்தேன். முதல் வாளில் படிக்க ஒன்றும் மிச்சமில்லை, என் முகம்தான் தெரிந்தது. இரண்டாவதில் நுனியில் மட்டும் மூன்று விரல் அகலத்துக்கு மேலோடு இல்லை. அந்த இடத்தில் மெல்லிய அலை அலையான கோடுகள். ஏன் அங்கே மட்டும்? கொஞ்சம் யோசித்ததும் புரிந்தது. ஒவ்வொரு திருவிழாவிலும் வாள் நுனியில் எலுமிச்சம்பழம் குத்துகிறார்கள்! நம்ம மெட்டலர்ஜி லேபில் நைட்டால் ஊற்றி எட்ச் செய்து மைக்ரோஸ்கோப்பில் பார்க்கிறோமே, அந்த வேலையை எத்தனையோ தலைமுறையாக எலுமிச்சம்பழம் செய்துகொண்டிருந்திருக்கிறது.

அது உக்கு வாள்தான் என்று நான் இங்கே சத்தியம் செய்ய மாட்டேன். ஆய்வுக்கூடம்தான் அதைச் சொல்ல முடியும். ஆனால் கிரைண்டரில் போட்டுவிட்டால் ஆய்வுக்கூடத்துக்கும் கேள்வி மிஞ்சாது.

"ஐயா, இதைத் தீட்ட வேண்டாம்" என்றேன். பெரியவருக்குக் கோபம். "ஏன் தம்பி, உங்க மெஷினை எல்லாம் ஆயுத பூஜைக்குத் துடைச்சுப் பொட்டு வைக்கிறீங்க. எங்க அம்மா மட்டும் துருப்பிடிச்ச கத்தியோட நிக்கணுமா?" என்றார். நியாயமான கேள்வி. அது அருங்காட்சியகத்துப் பொருள் அல்ல, கும்பிடுகிற பொருள். என் ஆராய்ச்சிக்காக அவர் சாமியை மங்கலாக்க எனக்கு உரிமை கிடையாது.

ஜப்பானில் பார்த்தது அப்போது கைகொடுத்தது. அங்கே வாள் வேறு, உறை வேறு. பகட்டெல்லாம் உறைக்குத்தான். "ஐயா, வாளை விடுங்க, அம்மனுக்கு ஒரு நல்ல உறை செய்வோம்" என்றேன். ஊர் ஆசாரி மர உறை செய்தார், மேலே பித்தளைத் தகடு அடித்துக் கொடுத்தார்கள். வாளில் கட்டையாக நின்ற எண்ணெய்ப் பிசுக்கை மட்டும் பஞ்சால் ஒற்றி எடுத்து, மெல்லிய எண்ணெய் பூசினோம். புளி, சாம்பல், எமரி எதுவும் படவில்லை. எலுமிச்சம்பழம் இப்போது பித்தளை உறையின் நுனிக்கு வந்துவிட்டது. திருவிழாவில் உறை தகதகவென்று மின்னியது. பெரியவர் என்னைக் கூப்பிட்டு, "இதுக்கு வயசு என்ன இருக்கும்?" என்று கேட்டார். முன்பு அந்தக் கேள்வியை அவர் கேட்டதே இல்லையாம். எனக்கு அதுதான் பிரசாதம்.

ஆனால் அந்த முதல் வாள் போனது போனதுதான். நம் சிப்காட்டில் எத்தனை கிரைண்டர், எத்தனை ப்ளேட்டிங் ஷாப்! நல்லெண்ணத்தோடு கொண்டுவந்து கொடுக்கிறார்கள், நல்லெண்ணத்தோடு நாமும் அழித்துக் கொடுக்கிறோம். அங்கே நிற்பது பெரும்பாலும் நம்மில் ஒருவர், அல்லது நம்மிடம் வேலை பார்க்கும் பையன்.

நாம் செய்யக்கூடியவை

வாள் வாங்கலாமா என்று இடைவேளையில் கேட்பீர்கள், இப்போதே சொல்லிவிடுகிறேன். 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கூராயுதங்கள் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் விதிகளுக்குள் வருகின்றன. நூறாண்டு கடந்த பொருள் 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். உரிமம் இல்லாமல் அதில் வியாபாரம் செய்யக் கூடாது, தனியார் யாரும் வெளிநாட்டுக்கு அனுப்பவும் முடியாது. மண்ணுக்குள்ளிருந்து பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் கலெக்டருக்குச் சொல்ல வேண்டும் என்பது 1878-ஆம் ஆண்டுச் சட்டம். எனவே சேகரிக்க ஆசைப்படுகிறவர்கள் வாளைச் சேகரிக்காதீர்கள், வாளைப் பற்றிய சேதியைச் சேகரியுங்கள். அதற்கு லைசென்ஸ் தேவையில்லை.

என் வேண்டுகோள்கள் எளிமையானவை. முதலாவது, தொழிற்சாலை வைத்திருப்பவர்கள், ஜாப் ஒர்க் எடுப்பவர்கள், யாராவது பழைய வாள், ஈட்டி, சூலம் கொண்டுவந்து தீட்டக் கேட்டால் ஒரு நாள் பொறுக்கச் சொல்லுங்கள். அளவு எடுங்கள், எடை போடுங்கள், இரண்டு பக்கமும் படம் எடுங்கள், எந்த ஊர், யார் சொத்து, என்ன கதை சொல்கிறார்கள் என்று எழுதி வையுங்கள். பிறகு தீட்ட வேண்டாம் என்று மரியாதையாகப் புரியவையுங்கள். உறை யோசனையைத் தாராளமாகத் திருடிக்கொள்ளலாம்.

இரண்டாவது, நடுகல். கிரானைட் குவாரி, லேஅவுட், சாலை விரிவு என்று நம் மாவட்டம் வேகமாக மாறுகிறது. பாதியளவு மண்ணில் புதைந்த கல்லை ஜே.சி.பி. ஓட்டுகிறவர் எப்படி அடையாளம் கண்டுகொள்வார்? கல்லைப் பார்த்தால் ஊர்க்காரர்களிடம் அனுமதி கேட்டு, காலை அல்லது மாலைச் சாய்வெயிலில் அளவுகோல் வைத்துப் படம் எடுங்கள். எழுத்துத் தெரியவில்லை என்று சுண்ணாம்பு, பெயிண்ட், மாவு எதையும் பூசாதீர்கள். கம்பி பிரஷ் போடாதீர்கள். தொல்லியல் துறைக்கும் கிருஷ்ணகிரி அருங்காட்சியகத்துக்கும் தகவல் கொடுங்கள்.

மூன்றாவது, கொஞ்சம் பெரிய ஆசை. பெங்களூரில் மிதிக் சொசைட்டி 2021 முதல் கல்வெட்டுகளையும் வீரகற்களையும் முப்பரிமாண ஸ்கேனரில் பதிவு செய்துவருகிறது. கண்ணுக்குத் தெரியாமல் தேய்ந்துபோன எழுத்துகூட அதில் புலப்படுகிறது. அதே ரக ஸ்கேனரைத்தான் நாம் காஸ்டிங் இன்ஸ்பெக்ஷனுக்கு வைத்திருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை அது சும்மாதான் தூங்குகிறது. இந்த அரங்கில் அப்படி ஒரு கருவிக்குப் பொறுப்பாளராக இருப்பவர்கள் பத்துப் பேராவது இருப்பீர்கள். மாதத்தில் ஒரு ஞாயிறு கருவியைக் கொடுங்கள், ஆள் நான் வருகிறேன். நம் கல்லூரி மாணவர்கள் இரண்டு பேர் கூட வந்தால் அவர்களுக்கு அது ஒரு நல்ல ப்ராஜெக்ட். கடையில் வாங்கிப் பெயர் மாற்றி ஒட்டுகிற ப்ராஜெக்ட்டைவிட நிச்சயம் நல்லது, சார் மன்னிக்க வேண்டும்!

தம்பி தங்கைகளே, உங்கள் பாடத்தில் இரும்பு-கார்பன் வரைபடம் வருமே, அதைப் பரீட்சைக்கு மட்டும் படிக்காதீர்கள். அந்த வரைபடத்தில் 1.5 சதவீதக் கார்பன் இருக்கிற இடத்தில் விரல் வையுங்கள். அதை ஐரோப்பா வரைபடமாக வரைவதற்கு முன்பே நம் வட்டாரத்துக் கொல்லர்கள் கையால் அறிந்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் பெயரும் நமக்குத் தெரியாது. இனிமேல் தெரியவரும் வழி ஏதாவது உண்டென்றால், அது ஏதோ ஒரு வாளின் பிடிக்குள்ளோ, துருவுக்கு அடியிலோ, வயல் வரப்பில் சாய்ந்து கிடக்கும் ஒரு கல்லிலோதான் இருக்கும். அதை நம் காலத்தில் நம் கையாலேயே தேய்த்துவிடாமல் இருப்போம்.

அடுத்துச் சாப்பாடு என்று செயலாளர் அண்ணன் சைகை காட்டுகிறார்.